கவர்டு கால் பெருமாள் மெய்க்கீர்த்தி

ஸ்வஸ்திஸ்ரீ. தனிப் பங்குகளுக்கான ஆப்ஷன் வியாபாரத்தோடு 2001 ஜூலையில் தேசியப் பங்குச் சந்தையில் திருவவதாரம் செய்து, இன்று கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டை வரை கொடி நாட்டியிருக்கும் மாட்சிமை தங்கிய கவர்டு கால் பெருமாளின் கீர்த்தியைப் பாட அடியேனுக்கு ஒரு நாக்கு போதாது. அவதாரம் நிகழ்ந்த வேளையைப் பாருங்கள். அந்தத் தங்கவயலில் பாரத் கோல்டு மைன்ஸ் இழுத்து மூடப்பட்டது அதே ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி. நான்கே மாதத்தில் வேறொரு சுரங்கத்தைத் திறந்து வைத்த கருணையை என்னென்பது!

பெருமாளின் திருவிளையாடல் மிக எளியது. ஆயிரம் ரூபாய்ப் பங்கு ஒரு லாட், அதாவது 500, உங்களிடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எக்ஸ்பைரி என்னும் மாதக் கெடு நாளில் விலை 1,050 என்ற ஸ்ட்ரைக்கைத் தாண்டினால் அதற்கு மேலுள்ள ஏற்றமெல்லாம் முகம் தெரியாத ஒரு புண்ணியவானுக்கே சேரட்டும் என்று எழுதிக் கொடுக்கிறீர்கள். அவர் பங்குக்கு 15 ரூபாய் வீதம் 7,500 ரூபாய் தட்சணை வைக்கிறார். இதுதான் 'கூடுதல் வருமானம்'. பங்கு 1,200க்குப் போனால், வரவேண்டிய 75,000 ரூபாயைப் பெருமாள் அவருக்கு எடுத்துக் கொடுத்து, பேராசை என்னும் கொடிய நோயிலிருந்து உங்களை ரட்சிக்கிறார். 800க்கு விழுந்தாலோ அவருடைய நேர்மை இன்னும் ஜொலிக்கும். அந்த ஒரு லட்சம் ரூபாய் நட்டத்தில் அடுத்தவன் ஒரு காசைக்கூடத் தொட முடியாது. முழுவதும் உங்களுக்கே பாத்தியதை!

இந்த உயரிய தத்துவத்தைத் தங்கவயல்காரர்களுக்கு யாரும் புதிதாக உபதேசிக்க வேண்டியதில்லை. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்த காலம் முதல் நம் பாட்டன்மார் செய்ததும் இதே வியாபாரம்தான். மேலே ஏறி வரும் தங்கம் லண்டன் பங்குதாரர்களுக்கு. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்குவது, பாறை வெடித்தால் புதைவது, நுரையீரலில் கல்தூசி சேர்ப்பது ஆகிய இறக்கங்கள் யாவும் நமக்கு. பிரீமியமும் தவறாமல் வந்தது. அன்று அதைச் சம்பளம் என்றார்கள். பின்னாளில் சுரங்கத்துக்கு உடைமையான அரசாங்கமும் சளைத்ததா என்ன? தங்கம் அவுன்ஸ் 300 டாலருக்குக் கீழே கிடந்தபோது சுரங்கத்தை மூடிவிட்டு, 2008இல் அது 1,000 டாலரைத் தாண்டியபோது பற்றற்று வேடிக்கை பார்த்த தீர்க்கதரிசனம் ஞானியருக்கும் வாய்க்காது.

ஆகவே, தங்கவயலின் மாரிக்குப்பத்தில் விடியலில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவரின் கைப்பேசியில் பயிற்சி மகான் ஒருவர் தோன்றி, "பங்கை ஏன் சும்மா தூங்க விடுறீங்க அண்ணே? வாடகைக்கு விடுங்க" என்று திருவாய் மலரும்போது கேட்பவருக்கு மெய்சிலிர்க்காதா? மனை விலை ஏறியதும் வீட்டையே குடித்தனக்காரர் பேருக்கு எழுதித் தரும் வாடகை இன்பத்தை எந்த வீட்டுக்காரர் கண்டிருக்கிறார்! 2024 செப்டம்பரில் செபி ஓர் அறிக்கை விட்டது. மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர், ஆப்ஷன் ஆடிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நட்டம், தலைக்குச் சுமார் இரண்டு லட்சம். மகான் அதையும் மாலையாகச் சூடிக்கொண்டார்: "அவங்கல்லாம் வாங்குறவங்க அண்ணே. நாம விக்கிறவங்க."

இன்னொரு மகிமை. 2019 முதல், விலை ஸ்ட்ரைக்கைத் தாண்டி எக்ஸ்பைரி ஆனால் பங்கையே டெலிவரி கொடுத்துவிட வேண்டும். மகள் கல்யாணத்துக்கென்று பத்து வருடம் பொத்திப் பொத்தி வைத்த பங்கு ஒரே நாளில் கைமாறிவிடும். பந்தபாசத்தை அறுக்க இதைவிடச் சுருக்கு வழி எந்த மடத்திலும் இல்லை. 7,500 ரூபாய் பார்த்த பென்ஷன்காரரை வருமானவரித் துறை வியாபாரியாக்கி, ஐடிஆர்-3 படிவத்தையும் கையில் கொடுத்துக் கௌரவிக்கிறது. தரகு, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, தனியாக எஸ்டிடி எனும் பரிவர்த்தனை வரி என்று எல்லோரும் ஏற்றத்திலும் இறக்கத்திலும் ஒரே புன்னகையோடு தத்தம் பங்கைப் பெற்றுக்கொள்ளும் சமநோக்கு இருக்கிறதே, கண்கொள்ளாக் காட்சி.

எக்ஸ்பைரி முடிந்ததும் தாமதிக்காமல் அடுத்த மாதக் கால் ஆப்ஷனை விற்றுவிடுங்கள். பெருமாளைக் காக்க வைப்பது மரியாதையல்ல.