அருவியைக் குறைக்கும் பொத்தான்

திற்பரப்பில் என் மாமா வீட்டுக்கும் அருவிக்கும் நடுவே ஒரு ரப்பர் தோட்டம்தான். கோதையாறு சுமார் 50 அடி உயரத்திலிருந்து விழும் சத்தம் அந்த வீட்டுக்காரர்கள் காதில் ஏறுவதே இல்லை. விருந்தாளிகள்தான் முதல் ராத்திரி மழையென்று நினைத்து, கொடியில் கிடக்கும் துணியை எடுக்க ஓடுவார்கள்.

2020 ஆவணியில் மாமா மகளுக்கு நிச்சயம். மாப்பிள்ளை மஸ்கட்டில், விமானங்கள் ஒழுங்காக ஓடாத நேரம். "நீ கம்ப்யூட்டர் படிச்சவம்லா மருமவனே, வீடியோவுல நடத்திரு" என்றார் மாமா. முறைப்பெண்ணின் நிச்சயத்துக்கு மைக்செட் போடும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? எனக்கு அதற்கு முன்பே கல்யாணம் ஆகியிருந்ததால் யாரும் பரிதாபப்படவில்லை.

முதல் நாள் ஒத்திகை. பட்டாசலில் டைல்ஸ் தரை, வெறும் சுவர். பேசினால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல எதிரொலித்தது. சுவரில் ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டேன். "நல்ல காரியம் நடக்கிற வீட்டுல இதென்னடே, ஆஸ்பத்திரி மாதிரி?" என்றாள் ஆச்சி. அடுத்து, காதைக் கிழிக்கும் ஊளை. லேப்டாப்பின் சத்தம் இன்னொரு மைக்கில் புகுந்து, சுற்றிச் சுற்றிப் பெருகியது. அந்த இன்னொரு மைக் மாமாவின் சட்டைப் பையில் இருந்தது. மாப்பிள்ளை முகத்தைப் பக்கத்தில் பார்க்கலாமே என்று அவரும் செல்போனில் தனியாக நுழைந்திருந்தார்.

"அங்க என்ன இரைச்சல்?" என்றார் மாப்பிள்ளை. இரைச்சல் குறைப்பை உச்சத்தில் வைத்தேன். விடாமல் ஒரே சீராக வரும் சத்தத்தைப் பின்னணி என்று கண்டு கழித்துவிடும் ஏற்பாடு அது. அதன் கணக்கில் எங்கள் அருவி 50 அடி உயர மின்விசிறி. ஒரே நொடியில் கோதையாறு வற்றிப்போனது. பேச்சிப்பாறை அணையைப் பூட்டினாலும் இவ்வளவு சடுதியில் நடக்காது. மாமா என்னைப் பெருமையாகப் பார்த்தார்.

மறுநாள் தாம்பூலம் மாற்றும்போது ஆச்சி குரவை இட்டாள். சிவராத்திரிக்குச் சிவாலய ஓட்டம் ஓடுகிறவர்கள் போடும் 'கோவிந்தா, கோபாலா' கோஷத்துக்கு நடுவிலும் தனித்துக் கேட்கும் தொண்டை அது. கூட அத்தைமார் நாலு பேர். மஸ்கட்டிலோ எல்லாரும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குக் கேட்டது ஒரு விக்கல் மட்டும்தான். பேச்சை மட்டும் காப்பாற்றப் பழகிய அந்தச் செயலி, நீட்டி முழக்கும் குரவையை அருவியின் தங்கச்சி என்று முடிவு செய்துவிட்டது.

"மக்களே, நான் வாய் நோவ இட்ட குரவ எங்கடே போச்சு?"

கழித்துவிட்டது என்று ஆச்சியிடம் எப்படிச் சொல்வது? அவசரமாகத் தேடினேன். பாட்டு, வாத்தியம் வாசிக்கிறவர்களுக்காக, எதையும் வடிகட்டாமல் உள்ளபடி அனுப்பும் ஒரு வசதி உண்டு. அதைத் தட்டிவிட்டு, லேப்டாப்பை ஆச்சியிடமிருந்து மூன்றடி தள்ளி வைத்து, "இன்னொருக்க இடு ஆச்சி" என்றேன். கோபத்தோடு இட்ட குரவை. மஸ்கட்டில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. குரவையின் பின்னாலேயே அருவியும் மொத்தமாகப் போய் இறங்கியது.

"அங்க நல்ல மழையா மாமா?" மாப்பிள்ளையின் மைனி கேட்டார்.

"மழை இல்ல மக்களே, அருவியாக்கும்," என்றார் மாமா. பிறகு என் பக்கம் கையைக் காட்டி, "மருமவன் இங்கதான் நிக்கான். கொறைக்கச் சொல்லட்டா?"