கஞ்சிக்கு வந்த கம்பெனி

1751 செப்டம்பரில் ராபர்ட் கிளைவ் ஆர்க்காட்டுக் கோட்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். வெளியே வந்து வளைத்துக்கொண்டவர், ஆர்க்காட்டு நவாப் பட்டத்துக்கு உரிமை கொண்டாடிய சந்தா சாகிப்பின் மகன் ராஜா சாகிப். முற்றுகை 50 நாள். கிழக்கிந்தியக் கம்பெனியில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, கணக்குப் பேரேடு அலுத்துப்போய்ப் பட்டாளத்துக்குத் தாவிய அந்தப் பிள்ளைக்கு உள்ளே இருக்கும்போதே 26 வயது பூர்த்தியானது. கேக் வெட்டும் நிலைமையில் கோட்டை இல்லை.

அரிசி குறைந்துகொண்டே வந்தது. நம்மூர்ச் சிப்பாய்கள் கிளைவிடம் போய், சோற்றைத் துரைமார்களுக்கே போட்டுவிடுங்கள், வடித்த கஞ்சியை எங்களுக்கு ஊற்றினால் போதும் என்றார்களாம். சொல்பவர் மெக்காலே. சம்பவம் நடந்து 89 வருஷம் கழித்து, 1840-ல் எழுதிய கட்டுரையில் இதைச் சொல்லி, பட்டாள விசுவாசத்துக்கு இதைவிட நெகிழ்ச்சியான உதாரணம் சரித்திரத்திலேயே கிடையாது என்கிற மாதிரி உருகுகிறார்.

எனக்கு உருக்கம் வரவில்லை, சந்தேகம்தான் வருகிறது. சோற்றை வடிக்கும்போது பி வைட்டமின்களில் நல்ல பங்கு கஞ்சியோடு போய்விடுகிறது என்று விஞ்ஞானம் பிற்பாடு கண்டுபிடித்தது. சிப்பாயின் பாட்டிக்கு விஞ்ஞானம் வரும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லை. ஒரு கல் உப்பைப் போட்டுக் குடித்துவிட்டு வயலுக்குப் போய்விட்டாள். சக்கையைத் துரைக்குத் தள்ளிவிட்டு, சத்தைத் தாங்கள் எடுத்துக்கொண்டு, மெக்காலே கையால் விசுவாசப் பட்டமும் வாங்கியவர்களை அப்பாவிகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதுவும் கஞ்சியின் அருமை காஞ்சிபுரத்துக்காரனுக்குத் தெரியாமல் போகுமா? இங்கே மனுஷன் குடிப்பதற்கு முன்னால் பட்டு குடித்துவிடும். விடியற்காலையில் தெருவின் நீளத்துக்குப் பாவை இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சியைப் பூசி, வெயில் ஏறுவதற்குள் காயவைத்தால்தான் இழை விறைப்பாகித் தறியில் அறுந்து தொலைக்காமல் நிற்கும். கல்யாணப் பெண் கட்டியிருக்கும் சேலைக்கும் ஆதாரம் சோற்றுப்பானைதான்.

ஆர்க்காட்டு முற்றுகையைத் தாக்குப்பிடித்த கிளைவ் அதே வருஷம் டிசம்பரில் காஞ்சிக்கு வந்தார். இங்கே ஒரு கோயிலுக்குள் பிரெஞ்சுக்காரப் படை இடம் பிடித்திருந்தது. பீரங்கியால் மதிலை இரண்டு மூன்று நாள் தட்டிப் பார்த்தார். அவர்கள் ராத்திரியோடு ராத்திரியாகக் காலி செய்துவிட்டார்கள். இதற்குப் பிறகு ஊர்க் கதை ஆரம்பிக்கிறது. கிளைவுக்கு உடம்புக்கு முடியாமல் போயிற்றாம். வரதராஜப் பெருமாள் கோயில் தீர்த்தம் கொடுத்தார்களாம். எழுந்து உட்கார்ந்தவர், நன்றிக்கு மரகதம் பதித்த மகரகண்டி ஒன்றைப் பெருமாளுக்குச் சமர்ப்பித்தாராம். கதைக்கு ஆளுக்கு ஒரு பாடம் உண்டு. நகைக்குப் பெயர் மட்டும் ஒன்றுதான்: கிளைவ் மகரகண்டி. ஊர்க் கோயில் மதிலில் குண்டு போட்டவன் நகையைக் கழுத்தில் போட்டுக்கொள்ளும் பெருந்தன்மை வரதருக்குத்தான் வரும்.

எனக்குக் கிளைவ் மேல் உள்ள வருத்தம் வேறு. இவ்வளவு தூரம் வந்தவர், நகையைக் கொடுத்துவிட்டு மடைப்பள்ளிப் பக்குவத்தை வாங்கிக்கொண்டு போயிருக்கக் கூடாதோ? பச்சரிசியும் உளுந்தும் அரைத்து, மிளகு, சீரகம், சுக்கு, நெய் சேர்த்து, மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் ஊற்றி மணிக்கணக்கில் ஆவியில் வேகவைக்கிற கோயில் இட்லி, உருளை உருளையாய், தொன்னையில் விழும்போதே மணக்கும். அது 1750-களிலேயே லண்டன் போய்ச் சேர்ந்திருந்தால், மாட்டுக்கொழுப்பைப் பிசைந்து துணியில் கட்டி வேகவைத்து அதற்குப் புட்டிங் என்று பெயர் சூட்டும் அவலத்திலிருந்து அந்த நாடு தப்பித்திருக்கும்.

அடுத்து வந்தவர் ஹெக்டர் மன்றோ. 1764-ல் பக்ஸாரில் ஜெயித்த மகா வீரர். 1780-ல் மைசூர் ஹைதர் அலி ஆர்க்காட்டுச் சீமைக்குள் புகுந்தபோது காஞ்சியில் கூடாரம் அடித்தார். வடக்கேயிருந்து கர்னல் பெய்லி இன்னொரு படையோடு வந்து இவருடன் சேர வேண்டும். வந்துகொண்டும் இருந்தார். செப்டம்பர் 10 அன்று, மகேந்திரவர்ம பல்லவன் எதிரிகளை முறியடித்ததாகக் காசக்குடிச் செப்பேடு சொல்லும் அதே புள்ளலூரில், ஹைதரும் திப்புவும் பெய்லியைச் சூழ்ந்துகொண்டார்கள். பீரங்கிச் சத்தம் காஞ்சிப் பக்கம் கேட்கும் தூரம்தான். ஆனால் மன்றோவுக்குக் கவலை காஞ்சியில் இருந்த தானியத்தின் மேல். அரிசியை விட்டுவிட்டுப் போனால் திரும்பி வந்து எதைச் சாப்பிடுவது? கொஞ்ச தூரம் கிளம்பினார், விஷயம் முடிந்துவிட்டது என்று தெரிந்ததும் திரும்பினார். பெய்லி சிறைப்பட்டு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் போய்ச் செத்தார். மன்றோ தன் கனத்த பீரங்கிகளைக் காஞ்சியில் ஒரு குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னை பார்க்க ஓடினார். அந்தச் சண்டையைத் திப்பு தன் மாளிகைச் சுவரில் சித்திரமாக எழுதி வைத்தார். அரிசி மூட்டை அதில் இல்லை. வரைந்திருக்க வேண்டும், அன்றைக்குக் கம்பெனியைத் தோற்கடித்ததில் அதற்கும் பங்கு உண்டு.

சண்டை ஒரு பக்கம் நடக்க, இன்னொரு பக்கம் துரைமார்களுக்கு ரசத்தின் ருசி தெரிந்தது. நம் மிளகுத் தண்ணீரைக் கண்டார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் சூப் குடித்தே தீர வேண்டும் என்பது அவர்கள் சாஸ்திரம். ரசமோ நடுவில் வருவது. சரி, தூக்கி முன்னால் வைத்தார்கள். தண்ணீராக இருக்கிறதே என்று ஆட்டுக்கறியைப் போட்டார்கள். கறி மிதக்கிறதே என்று மாவைக் கரைத்துவிட்டார்கள். எவனோ ஒரு புண்ணியவான் ஆப்பிளையும் நறுக்கிப் போட்டான். இப்படி முழுக்கப் பிறவி மாறிய பிறகு அதற்கு முல்லிகட்டானி என்று பெயர் வைத்து, அதன் மேல் உயிரையே விட்டார்கள். மதராஸ் மாகாண அதிகாரிகளுக்கு மற்ற மாகாணத்தார் வைத்த பட்டப்பெயரே ‘முல்’. பம்பாய்க்காரர்களுக்கு ‘வாத்து’. 1886-ல் வெளியான ஹாப்ஸன்-ஜாப்ஸன் அகராதியில் இதெல்லாம் பயபக்தியோடு பதிவாகியிருக்கிறது. தொகுத்த இருவரில் ஒருவரான பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், எத்தனை முல்களைக் கண்ணால் பார்த்தாரோ.

அதே அகராதியில் இன்னும் இரண்டு ரத்தினங்கள். பட்டாளத்தில் தப்பு செய்த சிப்பாயைப் பூட்டி வைக்கும் அறைக்குக் கஞ்சி வீடு என்று பெயர், உள்ளே கிடைக்கும் ஆகாரத்தை வைத்து. இன்னொன்று ‘திடீர் மரணம்’. பயந்துவிட வேண்டாம், அது கோழி. பிரயாணிகள் பங்களாவில் துரையின் வண்டி வந்து நின்றதும் பட்லர் புழக்கடையில் மேய்ந்துகொண்டிருந்த கோழியைத் துரத்துவான். துரை முகம் கழுவி வருவதற்குள் அது மேஜைக்கு வந்துவிடும். மென்று முடிக்க மட்டும் ராத்திரி முழுக்க ஆகும்.

இந்தப் பட்லர்களை வைத்துக்கொண்டு மல்லாடிய கதையை மதராஸ் ராணுவத்தின் கர்னல் கென்னி-ஹெர்பர்ட், ‘வைவெர்ன்’ என்ற புனைபெயரில் 1878-ல் சமையல் புத்தகமாகவே எழுதினார். அதில் எல்லாச் சமையல்காரனுக்கும் ஒரே பெயர்: ராமசாமி. டப்பாவில் அடைத்து வந்த சீமைச் சாப்பாட்டை மதராஸ் துரைமார்கள் கட்டிக்கொண்டு அழுவதைக் கர்னல் கிண்டல் செய்கிறார். நியாயமான மனிதர். தினம் காலையில் கடற்கரையில் மீன் வந்து இறங்கும் ஊரில், ஆறு மாதத்துக்கு முன் தகரத்துக்குள் போன மீனை அதிக விலை கொடுத்து வாங்கி ‘ஆஹா, வீட்டு ஞாபகம்’ என்று கண்ணைத் துடைத்துக்கொண்டவர்களை வேறென்ன சொல்வது?

அந்த ஏக்கம் என்கிற வியாதியை மட்டும் நமக்கு ஒட்டவைத்துவிட்டுப் போனார்கள். அசல் கிடைக்காதபோது ஒப்பேற்றக் குடித்ததையே கடைசியில் அசல் என்று நினைத்து உருகுவதுதான் அதன் லட்சணம்.

சிக்கரியைப் பாருங்கள். அது ஒரு கிழங்கு. காப்பிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பிரஷ்ய ராஜா ஃபிரெடெரிக், ஜனங்கள் காப்பிக்குக் காசைக் கொட்டுகிறார்களே என்று எரிந்து, எல்லோரும் பீர் குடியுங்கள் என்று 1777-ல் பிரகடனமே விட்டார். தெருத் தெருவாய்க் காப்பி வாசனையை மோப்பம் பிடிக்க ஆள் போட்டார். பிறகு நெப்போலியன் 1806-ல் ஆங்கிலேய வணிகத்துக்குக் கதவடைத்ததில் ஐரோப்பாவுக்குக் காப்பிக்கொட்டை அருகிப்போயிற்று. வேறு வழியில்லாமல் கிழங்கை வறுத்தார்கள். போர் முடிந்தது, கொட்டை திரும்பி வந்தது, கிழங்கு மட்டும் போகவில்லை, கல்யாணத்துக்கு வந்த தூரத்து உறவு மாதிரி. அங்கிருந்து நம் ஃபில்டருக்கும் வந்து சேர்ந்தது. இன்றைக்கு நம் சட்டப்படி காப்பி-சிக்கரிக் கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அதாவது 49 வரை கிழங்கு இருக்கலாம். நெற்றியில் வியர்வை அரும்ப, கண்ணை மூடி, “இதுவல்லவோ காப்பி” என்று டபராவை இறக்கி வைக்கும் பெரியவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். சுத்தக் காப்பியைப் போட்டுக் கொடுத்தால் திக்காக இல்லையே என்று திருப்பி அனுப்புவார். புளியங்கொட்டையை வறுத்து இடித்துக் காப்பிப் பொடியில் கலந்தவர்கள் வேறு இருந்தார்கள். அவர்களுக்குச் சட்டம் சதவீதம் ஒதுக்கவில்லை.

இதில் கொடிகட்டிப் பறந்தது கேம்ப் காப்பி. கிளாஸ்கோவில் பேட்டர்சன் கம்பெனி 1876-ல் தொடங்கிய பாட்டில் சரக்கு. கூடாரத்தில் இருக்கும் பட்டாளத்துக்காரன் வெந்நீரில் கலந்தால் போதும் என்ற சமாசாரம். பாட்டில் படத்தில் பாவாடை கட்டிய ஸ்காட்லாந்துத் துரை கூடாரத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பார், சீக்கியச் சேவகர் தட்டேந்தி நிற்பார். காலம் மாறியது, தட்டைப் படத்திலிருந்து எடுத்தார்கள். மனிதர் வெறுங்கையோடு நின்றார். பிறகு ஒருவழியாக அவரையும் உட்காரவைத்துக் கையில் கோப்பை கொடுத்தார்கள். உட்கார 100 வருஷத்துக்கு மேல் ஆயிற்று. கோப்பையில் என்ன என்று கேட்டால், பெரும்பாலும் சர்க்கரைத் தண்ணீர், 26 சதவீதம் சிக்கரிச் சாறு, 4 சதவீதம் காப்பிச் சாறு. சமத்துவம் என்று வந்தபோது காப்பி தீர்ந்துவிட்டது. இங்கிலாந்துத் தாத்தாக்களுக்கு இன்றும் அந்த பாட்டிலைப் பார்த்தால் கண் கலங்கும்.

நமக்குக் கலங்குவது ஹார்லிக்ஸ் பாட்டிலைப் பார்த்தால். இங்கிலாந்திலிருந்து அமெரிக்கா போன ஹார்லிக் சகோதரர்கள் 1873-ல் பார்லி, கோதுமை மால்ட் வியாபாரம் தொடங்கினார்கள். 1930-களில் இங்கிலாந்து விளம்பரங்கள் ‘ராத்திரிப் பட்டினி’ என்று ஒரு வியாதியை உண்டாக்கி, ஹார்லிக்ஸ் குடித்துவிட்டுப் படுத்தால் நன்றாகத் தூக்கம் வரும் என்றன. அதே மாவு இங்கே வந்ததும் எதிர்ப்பக்கம் திரும்பிவிட்டது. விடியற்காலை நாலு மணிக்குப் பரீட்சைக்குப் படிக்கும் பையனை எழுப்பி ஹார்லிக்ஸ் கொடுப்பது தாய்மார் கடமையாயிற்று. துரையைத் தூங்கவைத்த டம்ளர் நம் பையனை எப்படி விழிக்கவைக்கும் என்று அம்மாக்கள் யாரும் கேட்கவில்லை. பையன்கள் கேட்டிருக்கலாம், ஆனால் அவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு நலம் விசாரிக்கப் போகிறவர் கையில் ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் இல்லாவிட்டால் அவர் பகையாளி. நோயாளி பிழைத்தாலும் போனாலும் பாட்டில் சமையலறைக்கு வந்து, உள்ளே கடுகோ சீரகமோ ஏறி, மூன்று தலைமுறைக்கு நிற்கும். 2024-ல் கம்பெனியே அதை ஆரோக்கிய பானம் என்று சொல்வதை நிறுத்திக்கொண்டது. பாட்டில்கள் இன்னும் ஆரோக்கியமாகத்தான் இருக்கின்றன.

ஜவ்வரிசி இன்னும் விசேஷம். அசல் ஜவ்வரிசி மலாயாப் பக்கத்துப் பனை மரத்தின் சோற்றிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போரில் கப்பல் நின்றதும் 1943-ல் சேலத்துக்காரர்கள் மரவள்ளிக் கிழங்கில் அதைச் செய்ய ஆரம்பித்தார்கள். இங்கிலாந்துப் பள்ளிக்கூடங்களில் இந்த வகையறாவில் புட்டிங் கிண்டிப் போட்டார்கள். பிள்ளைகள் அதற்குத் தவளை முட்டை என்று பெயர் வைத்தன. நாம் வெல்லமும் ஏலக்காயும் போட்டு, முந்திரி வறுத்துக் கொட்டி, இலையில் ஊற்றிக்கொண்டோம். கிழங்கு ஒன்றுதான், ஜாதகம் வேறு.

காப்பிக்கு மாற்று தேடிய உள்ளூர்க்காரர்களும் உண்டு. சுக்கு, மல்லி, கருப்பட்டி தட்டிப் போட்டுச் சுக்குக் காப்பி என்கிறோம். காப்பியைத் தவிர எல்லாம் இருக்கும், தொண்டைக்கு நல்லது, யாரும் கோபித்துக்கொள்வதில்லை. காந்தி தன் ஆரோக்கிய நூலில் கோதுமையைக் கறுக்க வறுத்து அரைத்துக் காப்பி போடச் சொல்லிக்கொடுத்தார். அந்நியத் துணியைக் கொளுத்தச் சொன்னபோது கொளுத்திய தேசம், உப்பு காய்ச்சச் சொன்னபோது காய்ச்சிய தேசம், கோதுமைக் காப்பி விஷயத்தில் மட்டும் காது கேட்காத மாதிரி இருந்துவிட்டது.

கடைசி முயற்சி காஞ்சியிலேயே நடந்தது. 1907-ல் பீடம் ஏறிய சங்கராச்சாரியார் சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள், பட்டுப்பூச்சியைக் கொன்று எடுக்கும் பட்டும் வேண்டாம், காப்பியும் வேண்டாம், இரண்டையும் விட்டால் வீட்டுச் செலவு பாதி குறையும் என்கிற தோரணையில் திரும்பத் திரும்ப உபதேசம் செய்தார். மடம் வெகுகாலம் இருந்த ஊர் டிகிரி காப்பிக்குப் பெயர்போன கும்பகோணம். திரும்பி வந்த ஊர் பட்டுக்குப் பெயர்போன காஞ்சிபுரம். ஒரு சந்நியாசியை இதைவிடக் கடுமையாகப் பகவான் சோதிக்க முடியாது. ஊர் அவர் பேச்சைக் கைகட்டி, வாய் பொத்தி, முழுக்கக் கேட்டது. நமஸ்காரம் பண்ணியது. வீட்டுக்கு வந்து, ஒரு டம்ளர் காப்பியைக் குடித்துவிட்டு, தறியில் போய் உட்கார்ந்தது.