மிச்சத் துணி தீராமை: கரிசல் சீமையை முன்வைத்து ஓர் ஆய்வு

மிஞ்சிய நூலையும் வெட்டுத் துணியையும் சிறு சாமான்களாகத் தைத்துத் தீர்த்துவிடலாம் என்று தையல் தெரிந்தோர் உலகெங்கும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை தவறு என்பதை அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துச் சான்றுகளைக் கொண்டு நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். வட்டாரத் தேர்வுக்குக் காரணம் உண்டு. கரிசலில் பருத்தி விளைவதும், ஆலையில் அது நூலாவதும், தறியில் சேலை இறங்குவதும், தையற்கடையில் ரவிக்கை தைப்பதும் இங்கே பக்கத்துப் பக்கத்தில் நடக்கின்றன. மிச்சம் வேறெங்கிருந்தோ வந்தது என்று எவரும் கைகழுவ முடியாது. போதாக்குறைக்கு, இவ்வட்டாரத்துக் குண்டாற்றில் தண்ணீர் வந்தாலே வேடிக்கை பார்க்கக் கிளம்பும் அளவுக்குப் பற்றாக்குறை பழகிய மக்கள் இவர்கள். ஆகவே எதையும் லேசில் தூக்கி எறிய மாட்டார்கள்.

மிச்சம் பிறப்பதற்கு மூலகாரணம், துணி செவ்வகமாகவும் உடம்பு வேறுவிதமாகவும் இருப்பது. கழுத்து வெட்டியதில் ஒரு பிறை விழும், கைக்குழியில் கொம்பு, ஓரத்தில் வால். இவற்றுள் பிறையே அழகானது, எதற்கும் உதவாதது, ஆகவே நெடுங்காலம் பத்திரமாக இருப்பது. இந்தத் துண்டுகளை ஒட்டுப்போட்டு, வெற்றிலைக்கும் பாக்குக்கும் சில்லறைக்கும் தனித்தனி அறை வைத்துச் சுருக்குப்பை தைக்கலாம். ஊறுகாய்ச் சாடிக்கு வேடு கட்டலாம், சட்டி இறக்கக் கரித்துணி ஆக்கலாம். கணக்கு இடறுவது இங்கேதான். பிறை மயில்கழுத்து நிறம். வீட்டில் இருப்பதோ மாம்பழ மஞ்சள் நூல். உள்தையலுக்கு எந்த நிறமானால் என்ன என்று கேட்பவர், சுருக்குப்பை வைத்திருக்கும் அப்பத்தா எவரிடமும் அதைச் சொல்லிப் பார்த்ததில்லை. ஆகவே மயில்கழுத்து நூல்கண்டு ஒன்று வாங்கியாக வேண்டும். பைக்குச் செலவாவது சில முழம். மீதிக் கண்டு பெட்டிக்குள் போய், தனக்கேற்ற துணிக்காகக் காத்திருக்கும். பூத்தையல் நூலின் நிலை இன்னும் மோசம். ஒரு சிட்டம் 8 மீட்டர், அதில் 6 இழை. இரண்டிரண்டு இழையாகப் பிரித்தால் தைக்கக் கிடைப்பது 24 மீட்டர். கைக்குட்டை மூலையில் ஒரு பூவுக்கு ஒரு மீட்டர் என்று தாராளமாக வைத்தாலும் 24 கைக்குட்டைகள் வேண்டும். அத்தனை பேருக்கு ஒரே வீட்டில் ஜலதோஷம் பிடிப்பதில்லை. இலைக்குப் பச்சைச் சிட்டம் வேறு வாங்கவேண்டும். பூவின் சிவப்பு தீரும் நாளில் இலையின் பச்சை மிஞ்சியிருக்கும்.

எந்திரம் துடைக்கக் கொடுத்துவிடலாமே என்பர் சிலர். துடைக்க வாகானது என்று முதலில் எடுப்பது பருத்தியை. அது போனபின் ஜரிகையும் பாலியெஸ்டரும் மூட்டையில் நிலைத்துவிடும். தலையணைக்குள் திணிக்கலாம் என்பது அடுத்த வாதம். அது மிச்சத்தைத் தீர்ப்பதில்லை, தலைக்கடியில் ஒளித்துவைக்கிறது. மேலும், உறை தைக்கப் புதுத்துணி வெட்டும்போது மறுபடி துண்டு விழும். கடையில் பை இலவசமாகவே கிடைக்கிறதே என்று பொருளாதாரம் பேசுவோருக்குப் பதில் எளிது. அந்த ஜவுளிக்கடைப் பைக்குள்தான் மிச்சத் துணி எல்லாம் இருக்கிறது.

வலுவான மறுப்பு ஒன்று உண்டு, அதுவும் திருச்சுழியிலிருந்தே வருகிறது. 1879இல் அங்கே பிறந்த ரமண மகரிஷி, திருவண்ணாமலையில் தம் கோவணம் கிழிந்தபோது, முள்ளில் துளையிட்டு ஊசியாக்கி, அந்தத் துணியிலிருந்தே இழை உருவித் தைத்துக்கொண்டார். கடையில் எதுவும் வாங்கவில்லை; நிறமும் பொருந்தியது; ஒன்றும் மிஞ்சவில்லை. மிச்சம் இல்லாத தையல் முடியும் என்பதற்கு இது மறுக்கமுடியாத சான்று. ஆயினும் அது நடந்த சூழலைக் கவனிக்கவேண்டும்: அங்கே பீரோ கிடையாது. பீரோ உள்ள வீடுகளில் அதே முறை பலிக்குமா என்று அறிய, முதலில் ஒவ்வொரு வீட்டிலும் போய் ரவிக்கைகளை எண்ணவேண்டும். அந்தக் கள ஆய்வுக்கு ஆள் கிடைப்பது கடினம்.