இருட்டுக்குச் செலவில்லை

கேள்வி: தேனிப் பக்கத்துக் கல்லூரி மாணவர்கள் குழுவாக 'நுவார்' எனும் இருண்ட குற்றப்படப் பாணியில் குறும்படம் எடுக்க முடியுமா? கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கப் பச்சையாக இருக்கிறதே!

பதில்: கறுப்பு வெள்ளையில் பச்சையும் சாம்பல்தான். நுவாருக்கு வேண்டியது குற்றம், சந்தேகம், நிழல். எஸ்.பாலசந்தரின் 'அந்த நாள்' (1954) பாட்டே இல்லாமல் ஒரு கொலையைத் துப்புத் துலக்கியது. அல்லிநகரத்து பாரதிராஜாவும் பண்ணைப்புரத்து இளையராஜாவும் 'சிகப்பு ரோஜாக்கள்' (1978) என்ற திகில் படத்தைத் தந்தார்கள். கிராமத்துக்காரர்களுக்கு இருட்டு கைவராது என்ற பேச்சு அப்போதே பொய்த்துப்போனது. ஒரே விளக்கைப் பக்கவாட்டில் வைத்தால் பாதி முகம் மறையும். நடிப்பில் உள்ள குறையும் பாதி மறையும். திராட்சைப் பந்தலுக்கு மேலிருந்து விளக்கடித்தால் கம்பியும் கொடியும் முகத்தில் கோடு போடும். தார்ச்சாலை பளபளக்கத் தென்மேற்குப் பருவச் சாரல் போதும். குழுவில் வேலையே செய்யாதவருக்குப் பிண வேடம்.