கிரவுட்டுக் கனவான்

செலாயாங்கில் ஈப்போ சாலையின் லாரி இரைச்சலை விட்டுத் தாமான்களுக்குள் திரும்பினால், வரிசை வீடுகளில் ஏதாவது ஒன்றின் முன்தளத்தில், காரை வெளியே தெருவில் நிறுத்திவிட்டு, கைலியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக் குந்தி உட்கார்ந்து, தேய்ந்துபோன பல் பிரஷ் ஒன்றால் தரையைத் தேய்த்துக்கொண்டிருக்கும் பெரியவர் ஒருவரை அநேகமாகக் காணலாம். பார்ப்பவர்கள் அவருக்கு வேலைக்காரி கிடைக்கவில்லை போலும் என்று பரிதாபப்படுவது உண்டு. அது அநாவசியம். அரசாங்க உத்தியோகத்தில் கோப்புகளின் மூலைகள் மடங்காமல் காத்து ஓய்வு பெற்ற அவர், எஞ்சிய ஆயுளை டைல்ஸ் இடுக்கின் பரிசுத்தத்துக்கு அர்ப்பணம் செய்துவிட்ட கிரவுட்டுக் கனவான்.

டைல்ஸைத் துடைப்பவர்கள் உலகத்தில் ஏராளம். சூளையில் சுட்டு, மெருகேற்றி, ஈரத்துணி பட்ட மாத்திரத்தில் பளபளத்துவிடுகிற அந்தச் சுலபமான வஸ்துவின்மீது நம் கனவானுக்கு மதிப்பே கிடையாது. இரண்டு டைல்ஸ்களுக்கு நடுவே ஓடும் மூன்று மில்லிமீட்டர் கோடுதான் அவருக்கு விசாரணைக்குரிய விஷயம். சிமெண்டும் பொடி மணலும் தண்ணீரும் கலந்து பூசிய கிரவுட், காய்ந்து இறுகிய பிறகும் கண்ணுக்குப் புலப்படாத துவாரங்கள் நிறைந்ததாகவே இருப்பதால், எண்ணெய், சோப்பு நுரை, மீன் குழம்பு எதையும் பேதம் பாராமல் உள்ளே வாங்கிக்கொள்ளும். ஆண்டு முழுவதும் புழுங்கும் இந்தச் சீதோஷ்ணத்திலோ, குளியலறைக் கோடுகளில் கறுப்புப் பூஞ்சணம் பூப்பதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

இரவில் வீட்டார் உறங்கிய பின்னர் அவருடைய பரிசோதனை தொடங்கும். டார்ச் லைட்டைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து அடித்தால், மேலிருந்து பார்க்கும்போது தென்படாத மேடு பள்ளமெல்லாம் நிழலோடு எழுந்து நிற்கும் என்பது அவர் கண்டறிந்த ரகசியம். பிறகு கோட்டின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் காத்திருப்பார். சொட்டு முத்தாக உருண்டு நின்றால் மேலே தடவிய சீலர் உயிரோடு இருக்கிறது; கோடு கறுத்துத் தண்ணீரைக் குடித்துவிட்டால், மறுநாள் காலை ஹார்ட்வேர் கடை திறக்குமுன் அவர் வாசலில் நிற்பார். இந்தக் கைங்கரியத்துக்காகக் குடும்பத்தாரின் பல் பிரஷ்கள் ஆயுள் முடியுமுன்பே மறைந்துபோவதை யாரும் பேசுவதில்லை.

அவருடைய ஞானம் போலியன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒருமுறை அடுக்களையில் மஞ்சள் தூக்கலான குழம்பு சிந்தி, கோடு முழுதும் மஞ்சளாகிவிட, அவர் இல்லாத சமயம் பார்த்து மருமகள் சலவைச் சோடாவைக் கரைத்துத் தேய்க்க, கறை செக்கச்செவேலென்று மாறிவிட்டது. வீடே பதறியது. கனவான் மட்டும் பதறாமல், மஞ்சளோடு காரம் சேர்ந்தால் சிவக்கும், மஞ்சளில் சுண்ணாம்பு கரைத்து ஆரத்தி எடுப்பது இந்த ரசாயனத்தினால்தான் என்று ஒரு குட்டி உபந்நியாசம் செய்தார். “அப்படின்னா தரையே நமக்கு ஆரத்தி எடுக்குதுன்னு சொல்லுங்க” என்றார் அவருடைய சகதர்மிணி. அந்த அம்மாளின் பொறுமைக்குத் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம்.

வினிகர் என்ற பேச்சு காதில் விழுந்தால் மட்டும் அவருக்கு ரௌத்திரம் வந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரர் தம் குளியலறையில் வினிகரை ஊற்றி, “பாருங்கண்ணே, அழுக்கு எப்படி நுரைச்சுக்கிட்டு வெளிய வருது!” என்று காட்டினார்.

“தம்பி, வெளிய வர்றது அழுக்கில்லை, உங்க கிரவுட்டு. பத்துமலை குகை எப்படி உண்டாச்சுன்னு நினைக்கிறீங்க?”

சொன்னது சத்தியம். கூப்பிடு தூரத்தில் நிற்கும் பத்துமலை சுமார் 40 கோடி ஆண்டுப் பழமையுள்ள சுண்ணாம்புப் பாறை. காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை ஏந்தி மென்மையான அமிலமாகிப்போன மழைநீர் யுகயுகமாக அதைக் கரைத்ததால்தான் முருகனுக்குக் குகை வாய்த்தது. சிமெண்டும் சுண்ணாம்பின் வம்சமே ஆகையால், மழை யுகக் கணக்கில் சாதித்ததை ஒரு போத்தல் வினிகர் குளியலறையில் ஆரம்பித்து வைத்துவிடும். இதைவிட விபரீதமாக, ஆசிட் ஊற்றிய இடத்தில் குளோராக்ஸையும் ஊற்றுகிறவர்கள் உண்டு. அதிலிருந்து கிளம்பும் குளோரின், 1915-இல் ஈப்ர் போர்க்களத்தில் ஜெர்மானியர் எதிரிகள்மீது ஏவிய வாயு என்பதை அவர் சொல்லி முடிப்பதற்குள் கேட்பவர் மெல்ல நகர்ந்துவிடுவார். நகராமல் கேட்பது நல்லது.

2020 செப்டம்பரில், ரவாங் பக்கம் சுங்கை கோங் ஆற்றில் கலந்த அசுத்தத்தால் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டு, கிள்ளான் பள்ளத்தாக்கில் லட்சக்கணக்கான வீடுகளுக்குத் தண்ணீர் நின்றபோது, சமையலுக்கென்று பிடித்து வைத்த வாளிகளில் ஒன்று காலியாகியும் அடுக்களைக் கோடுகள் வெளுத்தும் இருந்த மர்மத்தை அந்த அம்மாள் இன்றுவரை மன்னிக்கவில்லை. தைப்பூசத்தன்றும் அப்படித்தான்: பத்துமலையில் ஜனங்கள் அனைவரும் 42.7 மீட்டர் உயர முருகனை அண்ணாந்து கும்பிட, இவர் 272 படிகளையும் குனிந்து பார்த்துக்கொண்டே ஏறுவார். பக்தி என்று பிறர் நினைத்துக்கொள்வார்கள்.

இவ்வளவு அறிந்தவர் அறியாத ஒன்று உண்டு. அவர் வீட்டுக் கோடுகள் அக்கம்பக்கத்தாருடையவற்றைக் காட்டிலும் பள்ளமானவை. தேய்க்கத் தேய்க்கக் கிரவுட் கரைந்து தாழ, தாழ்ந்த இடத்தில் அழுக்குத் தண்ணீர் தங்க, தங்கியதைக் கண்டு மறுபடியும் தேய்க்க, ஆலமரத்தடிப் பிள்ளையாரைச் சுற்றுவது போல இது நிற்காமல் நடக்கிறது. அழுக்கு பத்து ஆண்டில் செய்திருக்கக்கூடிய சேதத்தை அவருடைய சிரத்தை இரண்டே ஆண்டில் செய்துவிட்டது.

பூச்சோங்கில் வசிக்கும் மகன், “பழசைச் சுரண்டி எடுத்துட்டு எபோக்ஸி போட்டுடுவோம்பா. அதுல துவாரமே இல்லை, கறை பிடிக்காது, சீலரும் வேணாம். செலவு நான் பாத்துக்கிறேன்” என்றார். கனவான் வெகுநேரம் மௌனமாக இருந்துவிட்டு, எபோக்ஸி வெயில் பட்டால் மஞ்சளாகிவிடும் என்று பதிலளித்தார். வெயிலே எட்டிப் பார்க்காத குளியலறைக்கு அந்த ஆட்சேபம் எப்படிப் பொருந்தும் என்று மகன் கேட்கவில்லை. கறையே பிடிக்காத கோட்டை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் காலை ஏழு மணிக்கு எழுந்து என்னதான் செய்வது?

ஆகவே, இப்படியொருவர் இருக்கும் வீட்டாருக்கு என் விண்ணப்பம்: கம்பி பிரஷ்ஷையும் வினிகரையும் ஒளித்து வையுங்கள். வெதுவெதுப்பான நீரும் காரமோ அமிலமோ இல்லாத சோப்பும் நைலான் பிரஷ்ஷும் அவர் கைக்கு எட்டும்படி இருக்கட்டும். குளித்தவுடன் தண்ணீரை வழித்துத் தள்ளிச் சன்னலைத் திறந்து விட்டால் பாதிப் பூஞ்சணம் தலைகாட்டாது. தீபாவளிக்கு அவர் வீட்டுத் திறந்த இல்ல உபசரிப்புக்குச் செல்கிறவர்கள், கோழிக் குழம்புத் தட்டை மேசையை விட்டு எடுக்காமல் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.