பகர அணையின் வைப்புமுறை: ஒரு கட்டிலாய்வு

கர்ப்பிணிகளுக்கான வளைந்த தலையணையை எங்கே, எப்படி வைப்பது என்பது பற்றித் தமிழில் இதுவரை முறையான ஆய்வு எதுவும் நிகழ்ந்திலது. (இப்படித்தான் தொடங்க வேண்டும் என்பது மரபு. நூலகத்துக்குப் போகவில்லை என்பதை மரியாதையாகச் சொல்லும் முறை இது.) அக்குறையைப் போக்க விழைகிறது இக்கட்டுரை. ஆய்வுக் களம்: எங்கள் வீட்டுக் கட்டில், அகலம் 5 அடி. ஆய்வுக் காலம்: கர்ப்பத்தின் 33ஆம் வாரம், இரவு 11 மணி முதல் பால்காரர் வரும்வரை. முதன்மைத் தகவலாளர்: என் மனைவி. துணைத் தகவலாளர்: வளைகாப்பு பற்றிப் பேச வந்து, தலையணையைப் பார்த்ததும் தங்கிவிட்ட என் மாமியார், இனி ‘அத்தை’ எனச் சுட்டப்பெறுவார். கருதுகோள்: தலையணையைச் சரியாக வைத்தால் இருவரும் தூங்கலாம். ‘இருவரும்’ என்ற சொல் ஆய்வின் இரண்டாம் இரவில் நீக்கப்பட்டது.

முதலில் பெயர். கடைக்காரர் இதை ‘யு பில்லோ’ என்றார். பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகளை ‘ப’ வடிவில் போடச் சொல்லும் சமூகத்துக்கு இந்த ‘யு’ எதற்கு? எனவே இதற்குப் பகர அணை என்று பெயரிடுகிறேன். பிறை வடிவில் ஒன்று உண்டு. கைத்தடி வடிவிலும் ஒன்று உண்டு. அவற்றை நாங்கள் வாங்கவில்லை. ஆகவே அவை ஆய்வு எல்லைக்கு அப்பாற்பட்டவை.

பகர அணையை வைப்பதில் இரு கொள்கைகள் உள. மூடிய பக்கம் காலுக்கும் திறந்த பக்கம் தலைக்கும் வருமாறு, அதாவது ப-வை எழுதுகிறபடியே வைப்பது நேர்ப்பகரக் கொள்கை. மூடிய பக்கம் தலைக்கு வருவது தலைகீழ்ப்பகரக் கொள்கை. பெட்டியின்மேல் அச்சிட்டிருந்த படம் இரண்டாவதையே காட்டியது. படத்தை நம்பி முடிவுக்கு வருவது ஆய்வாளனுக்கு அழகன்று என்பதால் முதல் இரவு நேர்ப்பகரமே பின்பற்றப்பட்டது.

அன்றிரவு கிடைத்த முடிவுகள் தமிழ் இலக்கண வரலாற்றில் குறிப்பிடத்தக்கவை. நாற்காலியின்மேல் ஏறி நின்று பார்த்தேன். ஆய்வாளன் ஆய்வுப் பொருளிலிருந்து விலகி நிற்க வேண்டும். ப-வின் இரு கைகளுக்கும் நடுவே, மேலே, மனைவியின் தலை. அதாவது ப-வுக்கு மேல் ஒரு புள்ளி. அதாவது ‘ப்’. மெய்யெழுத்து புள்ளி பெறும் என்பது தொல்காப்பியர் வகுத்தது. மெய் என்பதற்கு உடம்பு என்றும் பொருள். உடம்பு உள்ளே வந்ததும் ப மெய்யாகிவிட்டது! அவள் தண்ணீர் குடிக்க எழுந்து போனாலோ புள்ளி நீங்கி வெறும் ‘ப’ உயிர்மெய்யாகிறது, உள்ளே ஒருவரும் இல்லாதபோது. இந்தச் சிக்கலை இலக்கணிகள் எவரும் எதிர்கொண்டதாகத் தெரியவில்லை. அவர்கள் வீட்டில் நேரத்தோடு தூங்கியிருக்க வேண்டும்.

இன்னும் ஒன்று. உள்ளே படுத்திருப்பது ஓருயிர் அன்று, ஈருயிர். உயிரும் உயிரும் அடுத்தடுத்து வந்தால் நடுவே ய், வ் என்னும் உடம்படுமெய் தோன்றும் என்று ஒன்பதாம் வகுப்பிலேயே அடித்துச் சொல்லிக் கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் இரண்டு உயிர்களையும் ஒரு கட்டிலில் உடன்படுத்த வந்திருப்பது ப். ஆகவே யகர, வகர உடம்படுமெய்களோடு பகர உடம்படுமெய்யையும் மூன்றாவதாகச் சேர்க்க வேண்டும் எனப் பரிந்துரைக்கிறேன். இப்பரிந்துரை தகவலாளரிடம் அன்றிரவே வாசித்துக் காட்டப்பட்டது. அவர் மறுமொழி வருமாறு: “நாற்காலிய விட்டு இறங்குங்க. கழுத்துக்கு ஒண்ணுமே இல்ல, வலிக்குது.”

நேர்ப்பகரக் கொள்கை இவ்வாறு வீழ்ந்தது.

படுக்கும் நிலைகள் மூன்று: குப்புற, மல்லாந்து, ஒருக்களித்து. குப்புறப் படுத்தல் ஆய்வுக் காலத்தில் நிகழவில்லை. மல்லாந்து படுப்பதை மருத்துவர் மறுத்தார்: வயிற்றின் பாரம் முதுகெலும்பின் வலப்பக்கமாக ஓடும் பெரிய சிரையை அழுத்த, இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறையும், ஆகவே 28ஆம் வாரத்திலிருந்து ஒருக்களித்துத்தான் தூங்கப் போக வேண்டும். இடமா வலமா என்று கேட்டேன். எதுவானாலும் சரி, நடுவே விழித்து மல்லாந்திருப்பது தெரிந்தால் பதற வேண்டாம், திரும்பிப் படுத்தால் போதும் என்றார். இவ்வளவு தெளிவாகப் பேசுகிறவரை எந்தக் கருத்தரங்கிலும் தலைமையுரைக்கு அழைக்க மாட்டார்கள்.

திரும்பிப் படுப்பதில்தான் அத்தையின் மரபு குறுக்கிடுகிறது. பிள்ளைத்தாய்ச்சி படுத்தவாக்கில் புரளக் கூடாது. எழுந்து உட்கார்ந்துதான் மறுபக்கம் திரும்ப வேண்டும், இல்லையேல் கொடி சுற்றிக்கொள்ளும் (அத்தை, நேர்ப்பேச்சு). கொடி சுற்றுவதற்கும் தாய் புரள்வதற்கும் தொடர்பில்லை என்று மருத்துவர் சொன்னதை எடுத்துரைத்தபோது, “அவங்க சொல்லட்டும் மாப்பிள்ளை, நாங்க நாலு பெத்தவங்க” (அத்தை, நேர்ப்பேச்சு, சமையற்கட்டு, அரிசி களையும் வேளை) என்ற மறுப்பு கிடைத்தது. இரு மரபுகளும் மோதும் இடம் பகர அணை. மூன்று பக்கமும் பஞ்சு நிறைந்த இதற்குள்ளிருந்து எழுந்து உட்கார ஒரு கை வேண்டும். அந்தக் கை என்னுடையது. இரவுக்கு ஐந்து முறை. மகளுக்கு இது தேவையா என்பது குறித்த மூன்றாம் சான்று (அத்தை, தொலைபேசியில் தன் தங்கையிடம் கூறியது, ஆய்வாளன் கதவிடுக்கில் நின்று கேட்டது, குக்கரின் இரண்டாம் விசிலுக்கும் மூன்றாம் விசிலுக்கும் இடைப்பட்ட பகுதி மட்டுமே எஞ்சியுள்ளது, முன்னும் பின்னும் சிதைந்தன) இங்கு தரத்தக்கதன்று.

அணை என்ற சொல்லுக்குத் தடுப்பு, மெத்தை, தழுவு, விளக்கை நிறுத்து எனப் பொருள்கள் பல. எல்லாமே ஒரே இரவில் நிகழ்கின்றன. கடைசியாக நிகழ்வது தடுப்பு. மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. எங்கள் அணை ஒன்றரைச் சாண். ஆனால் மேட்டூரை ஜூன் 12 அன்று திறக்கும் வழக்கமாவது உண்டு. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போன போர்வை திரும்பியதே இல்லை.

கணவன் எங்கே படுப்பது என்ற துணை வினாவுக்குக் கோயில்களில் விடை இருக்கிறது. ஸ்ரீரங்கத்தில் மேற்கே தலைவைத்துத் தெற்கு நோக்கி, ஆதிசேடன்மேல் பள்ளிகொண்டிருக்கிறார் அரங்கநாதர்; வளைந்த அணைக்கு அதைவிட மூத்த சான்று வேண்டியதில்லை. கும்பகோணம் சாரங்கபாணிக்குச் சற்றே எழுந்த கோலம், உத்தான சயனம். “ஏங்க” என்ற ஒலி எழுந்த கணத்தில் நான் இருப்பது இந்த நிலையில்தான். மாமல்லபுரத்தில் பெருமாள் பாம்பணை இல்லாமல் தரையிலேயே கிடக்கும் தலசயனம். மூன்றாம் இரவிலிருந்து நானும்.

இலக்கியச் சான்று இல்லாமல் கட்டுரை நிறைவுறாது. நெடுநல்வாடையில் பாண்டிமாதேவிக்கு யானைத் தந்தத்தால் கால் செய்த கட்டில், அன்னத்தின் தூவி பரப்பிய படுக்கை. அத்தனையும் இருந்தும் அவளுக்குத் தூக்கமில்லை. கணவன் பாசறையில் இருப்பதே காரணம் என்று உரைகாரர்கள் சொல்லிவிட்டார்கள். முழங்காலிடையில் ஒரு தலையணை இருந்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை. பத்துப்பாட்டுக்கு உரைகண்ட நச்சினார்க்கினியர் எங்கோ கிடக்கும் சொல்லை இழுத்து வந்து வேறெங்கோ கூட்டிப் பொருள் கொள்வதில் வல்லவர். கால்மாட்டில் கிடக்கும் அணையை நள்ளிரவில் இழுத்து முதுகுக்குக் கொண்டுகூட்டும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்கிறேன்.

உறையின் உட்புறத் தையலில் ஒரு துணிச்சீட்டு இருந்தது. தொட்டியில் ஒரு கை, சதுரத்துக்குள் ஒரு வட்டம், பெருக்கல் குறி போட்ட முக்கோணம். சிந்துவெளி எழுத்தைப் படித்துவிட்டதாக அவ்வப்போது ஒருவர் அறிவிக்கும் நாட்டில், இந்த முக்கோணத்துக்கு ‘வெளுப்பான் போடாதே’ என்று பொருள் என அறிந்தவர் எங்கள் தெருவில் இஸ்திரிக் கடைக்காரர் ஒருவரே. அவர் நூல் எதுவும் வெளியிடவில்லை.

நான்காம் இரவு 2.40 மணி. தகவலாளர் எழுந்து உட்கார்ந்தார். அணையைத் தலைகீழாக்கினார். வளைவில் தலை, தோளுக்கும் காதுக்கும் இடையிலான பள்ளம் நிரம்பிக் கழுத்து நேரானது. ஒரு கையை முதுகுக்குப் பின்னே அண்டக் கொடுத்தார். மறு கையை வயிற்றுக்கடியில் சற்றே நுழைத்து, மீதியை முழங்காலிலிருந்து கணுக்கால்வரை இரு கால்களுக்கும் நடுவே வாங்கிக்கொண்டார். மேல்கால் சரிந்து இடுப்பை இழுப்பது நின்றது. அங்கே பஞ்சு போதாமல் அத்தையின் பழைய இலவம்பஞ்சுத் தலையணை ஒன்றும் சேர்ந்தது. எல்லாம் ஒரு நிமிடத்தில் முடிந்தது. இந்த முறையை எங்கிருந்து பெற்றீர் என்று வினவினேன். பதில் இல்லை, தூங்கிவிட்டார்.

வளைகாப்பு முடிந்து அத்தை மகளை அழைத்துப் போய்விட்டார். இலவம்பஞ்சுத் தலையணை அவர்களோடு போனது. பகர அணை கார் டிக்கியில் அடங்கவில்லை. 5 அடிக் கட்டிலில் இப்போது அதுவும் நானும். தலைகீழாகத்தான் வைத்திருக்கிறேன்.