கூந்தன்குளத்துக் கோடை

முழுப் பரீட்சை முடிந்ததும் எங்களைக் கூந்தன்குளத்து ஆச்சி வீட்டில் கொண்டுபோய் விடுவார்கள். பேருந்தை விட்டு இறங்கும்போதே மீன் கவிச்சியும் எச்ச வாடையும் முகத்தில் அடிக்கும். தெருப் புளியிலும் வேம்பிலும் மஞ்சள் மூக்கு நாரைகள் அடுக்கடுக்காகக் கூடு கட்டியிருக்கும். குஞ்சுக்குக் கொண்டுவந்த மீன் தவறி ஓட்டின்மேல் விழும். முற்றம் வெள்ளையடித்ததுபோல் கிடக்கும். ஆச்சி தினமும் கழுவிவிடுவாள். ஒரு கிளையைக்கூட வெட்டச் சம்மதிக்க மாட்டாள். “பிள்ளை பெத்துக் கிடக்கிற வீட்டுல சத்தம் போடலாமாலே?” என்று எங்களை அடக்குவாள். தீபாவளிக்கும் கோயில் கொடைக்கும் வெடி போடாத ஊர் அது.

பறவை பார்க்க அன்று எதுவும் தேவைப்படவில்லை, அண்ணாந்தால் போதும். உச்சிவெயிலில் தாய் நாரை சிறகை விரித்து நின்று குஞ்சுகளுக்கு நிழல் கொடுக்கும். கூழைக்கடாக் குஞ்சு தாயின் தொண்டைப் பைக்குள் தலையை விட்டு மீன் எடுக்கும்.

1994இல் ஊர்க் குளம் பறவைகள் சரணாலயமானது. 2021இல் உலகின் முக்கிய ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. இன்று கண்காணிப்புக் கோபுரம் இருக்கிறது. கையில் இருநோக்கியும் போனில் பறவைகளைப் பதிவுசெய்யும் ஈ-பேர்டு செயலியுமாகப் பிள்ளைகள் வருகிறார்கள். ஆச்சிக்கு ‘நாரை’ என்ற ஒரே பெயரில் அடங்கியவற்றை அவர்கள் இனம் பிரித்து எண்ணுகிறார்கள். அந்தக் கணக்கு மிகவும் வேண்டியது. எந்த ஆண்டு எத்தனை கூடு குறைந்தது என்பதை நினைவை மட்டும் நம்பிச் சொல்ல முடியாது.

ஆனால் பறவைகளைக் கூடு கட்ட வைப்பது அன்றும் இன்றும் முதலில் தண்ணீர்தான். மணிமுத்தாறு கால்வாயில் வரும் நீர் குளத்தை நிறைக்க வேண்டும். பிறகு கோடையில் அது வற்ற வற்ற மீன்கள் ஒடுங்கும். குஞ்சுகள் அதிகம் தின்னும் காலத்தில் இரை எளிதாகச் சிக்கும். எச்சம் கலந்த வண்டல் வயலுக்கு உரமாகப் போகும். குளம் பெருகாத ஆண்டில் இந்தச் சங்கிலி முதல் கண்ணியிலேயே அறுந்துவிடும்.

அடுத்தது மரம். கூடு தாங்கும் மரங்களில் பல இன்னமும் வீட்டு முற்றங்களில்தான் நிற்கின்றன. எச்சத்தையும் இரைச்சலையும் பொறுத்துக்கொண்டு அவற்றை வெட்டாமல் வைத்திருப்பவர்கள் அந்த வீட்டுக்காரர்கள். பழைய வீட்டை இடித்துக் கட்டும்போதும் அந்த மரத்தை விட்டுவைக்க அவர்களுக்கு அரசு கைகொடுக்க வேண்டும். பறவைகளை எண்ண வருகிறவர்கள் கால்வாயில் எப்போது தண்ணீர் வந்தது என்பதையும், தெருவில் எத்தனை மரம் மிஞ்சியிருக்கிறது என்பதையும் சேர்த்தே குறித்துக்கொள்ள வேண்டும்.